கச்சான் காலத்தில் ரோசாவை எங்கே வெட்டுவது

ஆனி பிறந்து பத்து நாளாகிறது, மேற்கிலிருந்து அனலாக அடிக்கிற கச்சான் காற்று நன்றாகப் பிடித்துவிட்டது. காலை பத்து மணிக்கே முற்றத்து மணல் காலைச் சுடுகிறது. கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில்தான் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ரோசா பூத்துக் கருகிப்போய் நிக்குது, இப்ப வெட்டலாமோ?" போன கிழமை மட்டும் மூன்று பேர். வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்புவதைவிட இங்கே எழுதிவைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று பட்டது.

சின்னப் பதில் இதுதான். வாடின பூவை எடுங்கள், கட்டாயம் எடுங்கள், ஆனால் ஆவணி கடைசி வரைக்கும் கிளையில் கை வைக்காதீர்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் நேரமெடுக்கும், ஏனென்றால் நானே அதை மூன்று செடிகளைச் சாகக் கொடுத்துத்தான் படித்தேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், டைக் வீதிப் பக்கம். கடல் கூப்பிடு தூரம், தரை முழுக்க மணல். இப்போது பதினான்கு ரோசா நிற்கிறது, ஒன்பது நிலத்தில், ஐந்து சாடியில். அதில் ஒன்று அம்மாவுடைய பன்னீர் ரோசா. என் வயதை விடக் கூடின வயது அதற்கு. மற்றதெல்லாம் மலைநாட்டிலிருந்து லொறியில் வரும் ஒட்டுக்கன்றுகள், நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

முதலில், வாடின பூவை ஏன் எடுக்க வேண்டும்? பூ என்பது செடிக்கு விதைக்கான ஏற்பாடு. இதழ் கொட்டின பிறகு பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைக் குமிழைப் பாருங்கள், நாலைந்து நாளில் அது கொஞ்சம் பருத்து இறுகியிருக்கும். அதுதான் ரோசாவின் காய். விட்டால் சில மாதத்தில் செம்மஞ்சளாகப் பழுக்கும். அது பருக்கத் தொடங்கினதும் செடியின் சாப்பாட்டில் ஒரு பங்கு அங்கே போகிறது, புதுப் பூவுக்கான அவசரம் குறைகிறது. அத்துடன் கிளையின் நுனியில் ஊறுகிற ஓமோன் கீழே இருக்கிற அரும்புகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை எடுத்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்து அடுத்த அரும்பு கண் விழிக்கும். எடுத்ததிலிருந்து எங்கள் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஆறு கிழமையில் அந்த இடத்தில் இன்னொரு பூ. ஒரே செடியை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பூ காண்கிறவர்களுக்கும், இரண்டு தரம் பூத்துவிட்டு நின்றுபோச்சு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

எல்லா ரோசாவும் இப்படித் திரும்பத் திரும்பப் பூப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பழைய ரோசாக்களில் அநேகமானவை வருடத்துக்கு ஒரு தரம்தான் பூக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனத்து ரோசாக்கள் அங்கே போய்ச் சேர்ந்து, அவற்றோடு கலப்புச் செய்த பிறகுதான் ஓயாமல் பூக்கும் குணம் தோட்ட ரோசாக்களுக்குப் பரவியது. இன்று நாம் 'ஹைபிரிட் டீ' என்று வாங்குகிற நீளத்தண்டுப் பெரிய பூ வகையும் அந்த வழி வந்ததுதான். 1867இல் வந்த 'லா ஃபிரான்ஸ்' என்ற ரோசாவை அந்த இனத்தின் முதல் செடியாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மாலைக்குக் கட்டுகிற எட்வர்ட் ரோசாவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம்முடைய இதே இந்து சமுத்திரத்தில் இருக்கிற ரியூனியன் தீவில், வேலிக்கு நட்ட சீனத்து ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் தாமாகவே கலந்து பிறந்த செடி அது. வேலியில் முளைத்தது இப்போது சாமி கழுத்தில் கிடக்கிறது.

சரி, வெட்டுகிற இடத்துக்கு வருவோம்.

ஒரு வாடின பூவைக் கையில் பிடியுங்கள். பூவிலிருந்து கீழே விரலை இறக்கிக்கொண்டு வந்தால் முதலில் வருகிற இலையில் ஒன்றோ மூன்றோ சிற்றிலைதான் இருக்கும். அடுத்ததும் பெரும்பாலும் மூன்று. அதற்குக் கீழேதான் ஐந்து சிற்றிலை உள்ள முழு இலை வரும். அந்த இலைக்காம்பு தண்டோடு சேர்கிற கக்கத்தை நன்றாகப் பாருங்கள். அரிசிக் குறுணி அளவில், சிவப்பு ஓடின ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதுதான் அரும்பு. மூன்று சிற்றிலைக் கக்கத்தில் இருக்கும் அரும்பு மெலிந்தது, அதிலிருந்து வரும் கிளை பென்சிலின் பாதித் தடிப்புக் கூட வராது, சிலவேளை மொட்டே வைக்காமல் நின்றுவிடும். ஐந்து சிற்றிலைக் கக்கத்து அரும்பு பலமானது. அதனால்தான் எல்லாப் புத்தகமும் 'ஐந்து இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த அரும்புக்கு மேலே, அரைச் சென்ரிமீற்றர் விட்டு வெட்டு' என்று சொல்கிறது. வெளிப்பக்கம் பார்த்த அரும்பு என்றால் புதுக்கிளை செடியின் நடுவை அடைக்காமல் வெளியே போகும், நடுவில் காற்று ஓடும்.

இது சரியான விதிதான். மாசியிலும் பங்குனியிலும் நானும் இப்படித்தான் வெட்டுகிறேன். பிழை எங்கே வருகிறதென்றால், இதைக் கச்சானிலும் அப்படியே செய்யும்போது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம். இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒருவருடைய வீடியோவைப் பார்த்தேன். முதல் பூப்பு முடிந்ததும் கோடையில் செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடு, இரண்டாம் பூப்பு அள்ளிக்கொண்டு வரும் என்றார், வந்த பூக்களையும் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய ஜூலை இருபது, இருபத்தைந்து பாகை, இடைக்கிடை தூறல். எங்களுடைய ஜூலை 34, 35 பாகை, அதோடு மேற்கிலிருந்து தரையைத் தடவிக்கொண்டு வருகிற அனல் காற்று. அதை யோசிக்காமல் பதினொரு செடியை ஒரே பின்னேரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வெட்டி முடிய முற்றம் பளிச்சென்று இருந்தது, எனக்குப் பெரிய சந்தோசம்.

அம்மா வந்து பார்த்தவர், "பிள்ளை, பூவை மட்டும் ஆய்ஞ்சால் காணும்தானே, கிளையை ஏன் வெட்டினாய்?" என்று கேட்டார். நான் வீடியோவைக் காட்டினேன்.

முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் கிழமை தண்டுகளில் மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் ஊதாவும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாக வந்தது, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி. மற்றப் பக்கம் பச்சையாகவே இருந்தது. அப்புறம் அந்தப் பக்கத்துத் தோல் சுருங்கி வெடித்தது, வெட்டின வாயிலிருந்து கறுப்பு கீழே இறங்கத் தொடங்கியது. தளிர்த்த அரும்புகளும் இரண்டு விரல்கடை வளர்ந்து காற்றில் கருகின. தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி குடிக்கவில்லை, குடிக்க இலை இருந்தால்தானே. மூன்று செடி போய்விட்டது. அதில் ஒன்று என் முதல் சம்பளத்தில் வாங்கின மஞ்சள் ரோசா. அதைப் பிடுங்கி எறிய மனம் வராமல் கார்த்திகை மழை வரைக்கும் வெறும் தடியாகவே விட்டுவைத்திருந்தேன்.

அம்மா பிறகு ஒரு நாள் சொன்னது: "இந்த வெயிலுக்குள்ள அதின்ர சட்டையைக் கழட்டிப்போட்டு நிக்க விட்டமாதிரி ஆச்சுது."

அதுதான் விசயம். ரோசாத் தண்டு எங்கள் ஊர் வெயிலை நேராக வாங்கிக்கொள்ளும் தண்டு இல்லை. செடியின் இலைகள்தான் அதன் தண்டுக்கு நிழல். அவைதான் வேரிலிருந்து தண்ணீரை இழுத்து மேலே கொண்டுவந்து ஆவியாக விட்டுச் செடியைக் குளிர்த்துவது, அவைதான் சாப்பாடு செய்வதும். மழைக்குப் பிறகு ஒரு இலையை இழந்தால் பத்து நாளில் வேறு இலை வரும். கச்சானில் இழந்தால் அந்த இடத்தை நிரப்பச் செடியிடம் கையிருப்பு இல்லை. ஐந்து சிற்றிலை வரைக்கும், அதிலும் வெளிப்பக்கம் பார்த்த அரும்பு வரைக்கும் இறங்கி வெட்டும்போது ஒரு பூவுக்கு மூன்று, நான்கு இலை போகிறது. முப்பது பூ பூத்த செடியில் நூறு இலை போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும்.

அம்மா செய்வது வேறு. விடிய ஆறு மணிக்கு, கோணேசர் கோவில் மணிச் சத்தம் காற்றில் வரும் நேரம், பூசைக்குப் பூ ஆய வருவார். ஓலைப்பெட்டி இடுப்பில். பூவின் கழுத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, நகத்தை வைத்து ஒரு பக்கமாகச் சாய்ப்பார், டக்கென்று ஒடியும். கத்தி இல்லை, கத்தரி இல்லை. பூத்தண்டில் காய்க்குமிழுக்குக் கொஞ்சம் கீழே மெல்லிய வளையம் மாதிரி ஒரு இடம் இருக்கிறது, விரலால் தடவினால் தெரியும். பூ தானாக விழுந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கழரும். அம்மாவின் நகம் நேராக அங்கேதான் போய் நிற்கும். இலை ஒன்று கூடப் போகாது. சில நாளில் மிச்சமிருக்கிற காம்பு காய்ந்து விழும், அதற்குக் கீழே எந்த அரும்புக்குப் பலம் இருக்கிறதோ அது தானாக எழும்பும். பூ சிறிதாகத்தான் வரும், தண்டும் கட்டைதான். வரட்டும். கச்சானில் பெரிய பூ பூத்தாலும் பதினொரு மணிக்கு இதழ் ஓரம் கருகிவிடும், ஆகவே நீளத்தண்டுக்கு ஆசைப்பட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பூசைக்குப் பூ ஆய்கிற வீடுகளில் ரோசா ஓய்ந்துபோவதே இல்லை. வாடின பூவை எடுக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, பூ காயாகிறதற்கு அவர்கள் இடம் கொடுப்பதே இல்லை. செடியிலேயே இருந்தால்தான் அழகு என்று விட்டுவிடுகிற வீடுகளில்தான் காயும் கருகின பூவுமாக நிற்கும். அம்மாவின் பன்னீர் ரோசா முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்பதற்கு ஆடி வெள்ளிகளுக்கும் அந்த நகத்துக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கச்சானில் வெட்டாமல் வேறு என்ன செய்யலாம்? நிறைய இருக்கிறது. அடியை மூடுங்கள், அதுதான் முதல் வேலை. பொச்சுமட்டையை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, குழிவுப் பக்கம் கீழே பார்க்க அடியைச் சுற்றி நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டால் மணல் தரையிலும் ஈரம் இரண்டு நாள் நிற்கும். தண்டோடு ஒட்ட வைக்க வேண்டாம், நான்கு விரல் தள்ளி. தண்ணீரை விடியவே ஊற்றுங்கள், நிலத்தில் நிற்கிற வளர்ந்த செடிக்கு ஒரு வாளி நிறைய, ஒன்றுவிட்ட ஒரு நாள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவது வேரை மேலேயே வைத்திருக்கும், அதை விடுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் உவர் ஏறும், ரோசாவுக்கு உவர் ஆகாது, இலை விளிம்பு சுற்றிவரக் கருகும். அப்படியிருந்தால் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள். சாடிகளை மேற்குச் சுவரோரம் இருந்து நகர்த்துங்கள், அல்லது பின்னேர வெயிலுக்கு ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள். யூரியா இந்த நேரம் வேண்டவே வேண்டாம், அது இளம் தளிரைத் தள்ளும், காற்று அதைக் கருக்கும். ஆட்டெரு கூட மழைக்குக் கிட்டப் போட்டால் போதும்.

இலைக்கு அடிப்பக்கத்தையும் கிழமைக்கு ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். மேலே மங்கலாக ஊசி குத்தின மாதிரி மஞ்சள் புள்ளி, அடியில் தூசி மாதிரி ஏதோ, உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நகரும். சிலந்திப்பேன் அது. சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். மருந்துக் கடைக்கு ஓட முன்னர், காலையில் குழாயைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் படப் பலமாகத் தண்ணீர் அடியுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு தரம், ஒரு கிழமை. எனக்குப் பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது. இலையில் கறுப்பு வட்டம் வருகிற நோய் இந்த நேரம் அவ்வளவாக வராது. அது பூஞ்சணம், இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும் அதற்கு. அதற்கான காலம் நவம்பரும் டிசம்பரும். திருகோணமலையில் அந்த இரண்டு மாதமும் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை, செடி இரவு பகலாக நனைந்துகொண்டே நிற்கும். அப்போதும் நான் பெரிய வெட்டு வெட்டுவதில்லை, ஈரத்தில் வெட்டுவாய் அழுகும். விழுந்த இலையைப் பொறுக்குவது, நனைந்து பந்தாகிப்போன மொட்டை எடுப்பது, அவ்வளவுதான்.

எடுக்க வேண்டியது ஒன்று மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்கலாம், ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிற காட்டுத் தளிர். ஒட்டுக்கன்றின் அடியில் முழி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், காட்டு ரோசாக் கட்டையில் நல்ல ரோசாவை ஒட்டின இடம் அது. அதற்குக் கீழே கிளம்புகிற தடி வேகமாக, நேராக, இளம்பச்சையாக வரும், சிற்றிலை பெரும்பாலும் ஏழு, உருவத்திலும் சிறியது. சிற்றிலையை மட்டும் எண்ணி முடிவெடுக்காதீர்கள், நல்ல வகையிலும் ஏழு வருவதுண்டு, எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்கட்டையின் தளிர் என்றால் வெட்டக் கூடாது, கிளம்பின இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அடியில் மிஞ்சுகிற அரும்புகள் இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். "நல்லா மதாளிச்சு வருது, ஆனா பூக்கேல்ல" என்று ஒரு மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். போய்ப் பார்த்தால் நல்ல ரோசா எப்போதோ செத்து, காட்டு ரோசா மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. பாவம், இரண்டு வருடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

பெரிய வெட்டுக்கு எங்கள் ஊரில் நல்ல நேரம் மழை ஓய்ந்து பனி விழுகிற காலம், தை கடைசி, மாசி முதல் கிழமை. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அப்போது பயப்படாமல் வெட்டுங்கள். செத்த தடி, உரசிக்கொள்கிற தடி, நடுவை அடைக்கிற தடி எல்லாம் போகட்டும், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். நாற்பத்தைந்து நாளில் பங்குனிக் கடைசியில் பூ கொட்டும், சித்திரை வருசப் பிறப்புக்கு வீடு நிறையப் பூ இருக்கும். கன்று கொண்டுவருகிற லொறி அண்ணன் இதைக் 'கவ்வாத்து' என்பார், தேயிலைக்குச் சொல்கிற அதே சொல். அவருடைய ஊர் நுவரெலியாப் பக்கம், 1,800 மீற்றருக்கு மேலே. அங்கே ஹக்கல பூங்காவில் ரோசா நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குளிரில் எப்போது வெட்டினாலும் செடி சிரித்துக்கொண்டு எழும்பும். அவர் வெட்டச் சொல்கிற காலக் கணக்கை இங்கே அப்படியே எடுக்க முடியாது. ஆவணி கடைசியில் முதல் இடி மழை பெய்தால், நுனிகளை மட்டும் ஒரு சாண் குறைப்பேன். பெய்யாவிட்டால் அதுவும் இல்லை.

கத்தரி வாங்கும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான இரும்பில் போய் முட்டுகிற வகை காய்ந்த தடிக்குத்தான் சரி, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போக முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வேலை முடியத் தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள், இந்தக் கடல் காற்றுக்கு ஒரு கிழமையில் துரு பிடித்துவிடும்.

மானை மறந்துவிட்டேன். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் வீதிக்கு வருவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். படலை திறந்திருந்தால் உள்ளேயும் வரும், ரோசாத் தளிர் என்றால் அவற்றுக்கு அவ்வளவு விருப்பம், முள்ளைப் பற்றிக் கவலையே இல்லை. கச்சானில் புல்லெல்லாம் காய்ந்துபோவதால் வருகை கூடும். அவை கடித்த இடம் வெட்டின மாதிரி இருக்காது, நார் நாராகக் கிழிந்திருக்கும், அதை மட்டும் கத்தரியால் ஒழுங்காக்கி விடுகிறேன். கடற்கரையில் கழித்துவிட்ட பழைய மீன் வலை கேட்டால் கொடுப்பார்கள். நான்கு தடி நட்டு அதைச் சுற்றிக் கட்டினால் மான் கிட்ட வராது, காற்றும் தடைப்படாது.

இன்று காலையும் அம்மா ஏழு பூ ஆய்ந்தார். போன மாதம் அவர் ஒடித்த ஒரு கழுத்துக்குக் கீழே, மூன்று சிற்றிலைக் கக்கத்தில்தான், சிவப்பாக ஒரு தளிர் விரல் நீளத்துக்கு வந்து நிற்கிறது, நுனியில் மிளகு அளவு மொட்டு. மதிலோரம் மணலில் குளம்படியும் கிடந்தது. இருட்ட முன் வலையை இறக்கிக் கட்டப் போகிறேன்.